தட்டில் விழுவது எவ்வளவு?

நடுவர் அவர்களே, வெள்ளவத்தையில் இந்த மாலை மழையிலும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். ‘உடலுக்கு ஊட்டம் தருவது காயவைத்த இலையா, சமைத்த கீரையா?’ என்பது தலைப்பு. நான் கீரைக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஓர் அட்டவணையை வாசித்தார். 100 கிராம் காய்ந்த கொத்தமல்லி இலையில் இரும்பு 42 மில்லிகிராம், அவித்த ஸ்பினாச் கீரையில் 3.6தான் என்றார். கல்சியம் அதில் 1,246, இதில் 136 என்றார். சரி, அமெரிக்க வேளாண்மைத் திணைக்களத்தின் அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஐயா, காய்ந்த இலையை 100 கிராம் அள்ளிச் சாப்பிடுகிறவர் யார்? ஒரு தேக்கரண்டி வெறும் 0.6 கிராம். 100 கிராமுக்கு நூற்றறுபது தேக்கரண்டிக்கு மேல் போட வேண்டும்!

ஒரு தேக்கரண்டியில் வருகிற இரும்பு கால் மில்லிகிராம். ஒரு கோப்பை அவித்த கீரை 180 கிராம், அதில் 6.4 மில்லிகிராம். இருபத்தைந்து மடங்கு! நார்ச்சத்து நாலு கிராமுக்கு மேல், ஃபோலேட் என்ற விற்றமின் 260 மைக்ரோகிராமுக்கு மேல். பிள்ளை உண்டாகியிருக்கும் பெண்ணுக்கு ஃபோலேட் எவ்வளவு முக்கியம் என்பதை இங்கிருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காய்ந்த இலையின் எண் ஏன் பெரிதாகத் தெரிகிறது? தண்ணீர் போய்விட்டது, அவ்வளவுதான். பச்சை மல்லியிலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோவுக்கு மேல் பச்சை இலையைக் காயவைத்தால்தான் அந்த 100 கிராம் கிடைக்கும்.

அவித்தால் விற்றமின் சி போய்விடும் என்றார்கள். கொஞ்சம் போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் கீரையை அவித்துத் தண்ணீரை வடித்து ஊற்றுகிறவர்களா? சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய் தாளித்து, அரிந்த கீரையைப் போட்டு, தேங்காய்ப்பூ தூவிப் பிரட்டி இறக்கினால் அது வறை. தேங்காயின் கொழுப்பு, உடலில் விற்றமின் ஏ ஆக மாறும் கீரையின் கரோட்டினை உடலில் சேர்க்கும். இறக்கியபின் பிழியும் தேசிக்காய்ப் புளி கீரையின் இரும்பை உடலில் சேர்க்க உதவும். கல்சியத்தில் மட்டும் நான் பெருமை பேச மாட்டேன். ஸ்பினாச்சில் ஒக்சலேற்று என்ற பொருள் அதிகம், அது கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

என் கவலை வேறு. எங்கள் தொடர்மாடியில் ஒரு தங்கச்சி சொன்னாள், “அக்கா, சூப்பில் காய்ந்த இலை ஒரு கரண்டி போட்டாச்சு, இனிப் பிள்ளைக்குக் கீரை தேவையில்லை.” வேலை முடிந்து பேருந்தில் நின்றபடி வீடு வருகிறவளுக்குக் கீரை ஆய நேரமில்லை, அவளை நான் குறை சொல்லவில்லை. அந்த 100 கிராம் கணக்கைச் சொல்லி அவளை நம்பவைத்ததைத்தான் குறை சொல்கிறேன்.

நடுவர் அவர்களே, எதிரணியின் அடுத்த பேச்சாளர் 100 கிராமை விட்டுவிட்டு ஒரு தேக்கரண்டியின் கணக்கைச் சொல்லட்டும். அதைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பளியுங்கள். நன்றி, வணக்கம்.