அபின் புகைக்கும் கூடங்களைத் தடுத்த சட்டம் காத்தது சனங்களையா, கஜானாவையா? "கஜானாவையே!"

நடுவர் ஐயாவுக்கும் கொங்குச் சொந்தங்களுக்கும் வணக்கமுங்க. நேரம் கம்மி, நேரா விசயத்துக்கு வந்தர்றேன்.

எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டாரு: "தோட்டத்துச் சாளையை வாடகைக்கு உட்டுப்போட்டு, உள்ள புகைஞ்சது தெரியாதுங்கறவன் ஒண்ணு முட்டாளு, இல்லீன்னா கூட்டாளி." நீங்களும் கை தட்டுனீங்க. இருங்க, அதுக்கு வர்றேன்.

வெள்ளைக்காரன் சட்டம் எதுக்குங்க வீட்டைப் புடிச்சுது? அபினை உருண்டையா முழுங்கறவன் வரப்புல நின்னே முழுங்கிப்போடுவான். புகைக்கறவனுக்குத்தான் இடம் வேணும். அபினைத் தண்ணியில கரைச்சு, காய்ச்சி, வடிகட்டி, ஆலைக்கொட்டாயில கரும்புப்பாகு வத்தற மாதிரி வத்த வெச்சாத்தான் அது சண்டு. அதைக் கம்பி முனையில பயறளவு எடுத்து, விளக்குச் சூட்டுல உருட்டி, குழாய்க் குமிழோட ஓட்டையில ஒட்டி, சுடருக்கு மேல காட்டி இழுக்கோணும். கிட்டக் காட்டுனாக் கருகிப்போகும், எட்டக் காட்டுனா ஆவியே வராது. ஒரு கையில குழாய், ஒரு கையில கம்பி. ஒருக்களிச்சுப் படுத்தாத்தான் தோது. பாய், தலைகாணி, விளக்கு, அதுக்குத்தான் கூடம்.

அந்த அபினை வித்தது யாரு? காஜிப்பூர் ஆலையில உருட்டுனது சர்க்காரு. 1878 அபின் சட்டத்துல லைசென்ஸ் குடுத்ததும் சர்க்காரு. அப்புறம் 1923-ல பஞ்சாப்புல, 1932-ல வங்காளத்துல, 1936-ல பம்பாயில, கூடிப் புகைச்சாக் குத்தம்னு சட்டம் வந்துச்சு. கோழியை வித்துப்போட்டு, குழம்பு வெச்ச அடுப்பை ஜப்தி பண்ணுன கதைங்க!

இப்ப அண்ணன் சாளைக்கு வர்றேன். இங்கிலாந்துல அபின் கூடத்துக்காக 1920-ல வந்த சட்டத்தைப் பிற்பாடு கஞ்சாவுக்கும் நீட்டுனாங்க. அங்க ஒரு டீச்சரம்மா, ஆக்ஸ்ஃபோர்டுப் பக்கம் ஒரு பண்ணை வீட்டைக் குத்தகைக்கு எடுத்தாங்க. குடியிருக்கத்தான் எடுத்தாங்க, பள்ளிக்கூடத்துக்குப் போய்வரத் தோதுப்படலை. ரூம் ரூமா வாடகைக்கு உட்டுப்போட்டு டவுனுக்குப் போயிட்டாங்க. எப்பவாச்சும் வந்து வாடகையும் தபாலும் வாங்கிட்டுப் போவாங்க. 1967-ல போலீஸ் நொழைஞ்சா, கஞ்சா அடிச்ச தடயம்! டீச்சரம்மா எங்க? டவுனுல. கஞ்சா எங்க? தோட்டத்துல. கேசு யாரு மேல? டீச்சரம்மா மேல! திரும்பச் சொல்றனுங்க: புகை தோட்டத்துல, பொகைச்சல் டவுனுல!

அபராதம் 25 பவுன். நம்மூரு தாலிக்கொடிப் பவுன் இல்லீங்க அம்மிணி, வெள்ளைக்காரன் நோட்டு. இதுக்கும் கஜானாவுக்கும் என்ன சம்பந்தம்னு நடுவர் மொறைக்கறாரு. அபராதம் எங்கீங்க போவும்? கஜானாவுக்கு! 1969-ல, அன்னைக்கு அங்க உச்ச கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபை, தெரியாம நடந்ததுக்கு இவங்க குத்தவாளி இல்லீன்னு தீர்ப்பைத் தூக்கிப் போட்டுச்சு. அண்ணா, அந்தம்மா முட்டாளுமில்லை, கூட்டாளியுமில்லை, டீச்சர்!

நம்ம 1985 போதைப்பொருள் சட்டத்துல 25-ஆம் பிரிவு. வீடு, ரூம், வண்டி, மிருகம் வரைக்கும் இடங்கொடுத்தவன் மாட்டுவான். காங்கேயம் காளை வெச்சிருக்கறவங்க சூதானம்! ஆனா அதுல "தெரிந்தே"ன்னு ஒரு வார்த்தை இருக்குங்க.

திருப்பூர்ல நாலு லைன் வீட்டை வாடகைக்கு உட்டுப்போட்டு, அந்தக் காசுல பேத்திக்குக் காலேஜ் பீஸு கட்டற அமுச்சி எத்தனை பேருங்க! பனியன் கம்பெனிக்குப் போற பசங்க, ராத்திரி ஷிப்டு முடிஞ்சு கதவைச் சாத்திக்குவாங்க. அமுச்சிக்குக் கண்ணுல புரை. ஒண்ணாந்தேதி வாடகை வாங்கையில, "சாப்டியா கண்ணு?"ன்னு மட்டுந்தான் கேக்கத் தெரியும். ஒரு நா விடியக்காலம் ஜீப்பு வந்து நிக்குது. சேலைத் தலைப்பைப் போத்திக்கிட்டு வாசல்ல நிக்குது அமுச்சி. "ஏஞ்சாமி, அந்தப் பையன் சாப்பிட்டானா?"ங்குது.

அந்த வாசல்ல போயி நம்ம அண்ணன் சொல்லட்டுமுங்க, முட்டாளா கூட்டாளியான்னு. வர்றனுங்க.