சூடு கண்ட பூனையும் சனிக்கிழமைக் கதையும்
(நூலக வார விழா உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, குத்துவிளக்கேற்றிய ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பிள்ளைகளை வெயிலில் வரிசை குலையாமல் அழைத்து வந்த தலைமையாசிரியை அவர்களே, இந்தக் கிளை நூலகத்துக்கு நாற்காலியும் மின்விசிறியும் வாங்கித் தந்த புரவலர் பெருமக்களே, விடிந்ததிலிருந்து பாய் விரித்து மைக் கட்டிய தம்பிமார்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம். வேறொரு விழாவை முடித்துக்கொண்டு இப்போதுதான் வந்து அமர்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். அவரிடம் கேட்க ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். பேச்சு போகிற போக்கில் அது வரும்.

குழந்தையும் ஒரு விசித்திரப் பூனையும் வரும் சிரிப்புக் கதையை எப்படி எழுதுவது, எப்படிச் சொல்வது? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. பூனை, சிரிப்பு, கதை நேரம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். மூன்றுக்கும் ஒரே பழமொழியைப் பிடித்துக்கொண்டு போகலாம். சூடு கண்ட பூனை அடுப்படி சேராது. குழந்தைகளே, எங்கே, ஒருமுறை சொல்லுங்கள். நன்று.

முதலில் பூனை. கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிடப் புறப்பட்ட ஒரு பூனையைக் காட்டுகிறார். அந்தப் பூனை என்ன செய்கிறது? பாலை நக்குகிறது. ஊரில் எல்லாப் பூனையும் செய்கிற வேலைதான். கடல் ஒன்றுதான் அங்கே அளவு மீறியது. சிரிப்புக் கதைக்கு இதற்கு மேல் பாடம் வேண்டாம். ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அசல் பூனையாக இருக்கட்டும். புதிதாக எழுதுகிறவர்கள் தங்கள் பூனையைப் பேச வைக்கிறார்கள், பறக்க வைக்கிறார்கள், தோசையும் சுட வைக்கிறார்கள். எதுவும் நடக்கலாம் என்றான பிறகு குழந்தைக்கு எதுவுமே ஆச்சரியமில்லை. நாலாம் பக்கத்தில் கொட்டாவி வந்துவிடும்.

அசல் பூனையாக எழுத அசல் பூனையைத் தெரிந்திருக்க வேண்டும். முன்காலுக்கு ஐந்து விரல், பின்காலுக்கு நான்கு. குட்டி பிறந்து ஒரு வாரம், பத்து நாளில் கண் திறக்கும். பூனையின் நாக்குக்கு இனிப்பு தெரியாது. அந்தச் சுவையை உணரும் மரபணு பூனை இனத்தில் வேலை செய்வதில்லை என்று 2005இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்னார்கள். ஆகவே பாயசத்தைத் திருடும் பூனையை எழுதினால், அது பாலுக்கும் நெய்க்கும் வந்ததாக எழுதுங்கள், வெல்லத்துக்கு வந்ததாக எழுதாதீர்கள். வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு மூன்றும் கலந்த பூனை அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பூனைக்கு ஒரு சிறுவன் 'வீரபாகு' என்று பெயர் வைத்து, அது ஒருநாள் பரண்மேல் நான்கு குட்டி போட்டால், கதையில் பாதி தானாக நடந்துவிடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். கதையில் பூனை பால் குடிக்கட்டும். வீட்டில் கிண்ணம் நிறைய ஊற்றாதீர்கள்.

இப்போது சிரிப்பு. இதற்குத் தெனாலிராமன் கதையைத்தான் எடுக்கப் போகிறேன். விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. தெலுங்கு நாட்டுக் கதை, நம் பாட்டிமார் வாயில் தமிழாகிவிட்டது. நகரத்தில் எலித் தொல்லை. தானியக் குதிரில் எலி, துணிப்பெட்டியில் எலி, புரோகிதர் பஞ்சாங்கத்தில் எலி. அரசர் ஆணையிட்டார்: வீட்டுக்கு ஒரு பூனை, அந்தப் பூனைக்குப் பால் கொடுக்க ஒரு பசு. ஊரே பூனைக்குப் பால் வார்த்தது. பால் குடித்துப் பூனைகள் கொழுத்தன. எலி குறுக்கே போனால் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. ராமன் என்ன செய்தான்? முதல் நாளே கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்தான். பூனை ஆவலாக வாயை வைத்தது. சுரீர்! அன்றோடு பால் கிண்ணத்தைக் கண்டாலே ஓட்டம். சூடு கண்ட பூனை அடுப்படி சேராது. பசும்பால் முழுவதும் ராமன் வீட்டாருக்கு. அரசர் பூனைகளைப் பார்வையிட்ட நாளில் ராமன் பூனை மட்டும் பாலைக் கண்டு பாய்ந்தோட, குட்டு வெளிப்பட்டது.

நல்ல கதை. ஆனால் இரண்டு குறை. ஒன்று, கதையில் குழந்தை இல்லை. இரண்டு, கேட்கிற நாலு வயதுப் பிள்ளை வீட்டுப் பூனைக்கும் சுடுபால் வைத்துப் பார்த்துவிடலாம். ஆகவே மாற்றிச் சொல்வோம். அந்த வீட்டில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, பெயர் பொன்னி. பூனைக்கு வைத்த பால் ஆறவில்லை என்று அவளுக்குத் தெரியாது. பூனை சுட்டுக்கொண்டது. பொன்னி அழுதாள். மறுநாளிலிருந்து கிண்ணத்தை மடியில் வைத்து மூன்று முறை ஊதுவாள். உஃப், உஃப், உஃப். ஊதினால்தான் பூனை வரும். இரண்டு முறை ஊதினால் வராது. தண்ணீரையும் ஊத வேண்டும், தயிர்சோற்றையும் ஊத வேண்டும். நிலா வெளிச்சம் தரையில் வட்டமாக விழுந்தால் அதையும் ஊதிக் காட்டினால்தான் மிதிக்கும்! அரண்மனையில் பார்வை நாள். நூறு பூனைக்கு நூறு கிண்ணம். எல்லாம் குடிக்கின்றன. பொன்னியின் பூனை மட்டும் வாலைச் சுண்டைக்காய்ச் செடியாக விரித்துக்கொண்டு தூணில் ஏறி, விதானத்தில் தொங்கி, தொபுக்கடீர் என்று ராயரின் மடியில். சபை மூச்சு விடவில்லை. "என்ன இது?" என்கிறார் ராயர். "ஊதிக் கொடுங்க மகாராஜா, குடிக்கும்" என்கிறாள் பொன்னி. சக்கரவர்த்தி கிண்ணத்தைக் கையில் வாங்குகிறார். உஃப். பூனை பார்க்கிறது. உஃப். அமைச்சர்களும் குனிந்து பார்க்கிறார்கள். மூன்றாவது உஃப் யார்? குழந்தைகளே, நீங்கள்தான். ஊதுங்கள்!

கேட்டீர்களா இந்தச் சத்தத்தை? இதில் தொழில் நுட்பம் இருக்கிறது. பூனை ஏன் ஓடுகிறது என்பது பொன்னிக்கும் கேட்கிற பிள்ளைக்கும் தெரியும், அரசருக்குத் தெரியாது. பெரியவருக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்திருப்பதுதான் குழந்தைக்குச் சிரிப்பு. ரகசியத்தைக் கடைசிவரை மூடி வைத்தால் வியப்பு வரும், சிரிப்பு வராது. மூன்று முறை என்ற கணக்கை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் இரண்டாவது உஃப்புக்கே பிள்ளைகள் வாயைக் குவிப்பார்கள். நாலு முதல் ஆறு வயதுக்கு 300 முதல் 500 சொல் போதும், ஏழெட்டு வயதுக்கு 800. நிதானமாக, நிறுத்தி வாசித்தால் நிமிடத்துக்கு 80 சொல் போகும், ஆகவே 500 சொல் என்பது ஆறு நிமிடம். அதற்கு மேல் சின்னப் பிள்ளைகளைப் பாயில் பிடித்து வைக்க முடியாது.

அவையோரே, சிரிப்பை எழுதுவதைவிடக் கெடுப்பது எளிது. கதை முடிந்த அடுத்த நொடி, "இதிலிருந்து நீ என்ன தெரிந்துகொண்டாய்? எழுந்து நின்று சொல்" என்றால் போதும். அப்புறம் கோடிட்ட இடம், பொருத்துக, ஐந்து மதிப்பெண். பதில் தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு முகம் சிவக்கிறது. சூடு கண்ட பூனை அடுப்படி சேராது! அந்தப் பிள்ளை அடுத்த தடவை புத்தகத்தைக் கண்டால் தூணில் ஏறாமல் என்ன செய்யும்? ஆசிரியப் பெருமக்களைக் குறை சொல்லவில்லை. பாடநூலுக்குத் தேர்வு வேண்டும், வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு வேண்டாம்.

அதனால்தான் நூலகத்தில் கேள்வி கேட்காத கதை நேரம் ஒன்று வேண்டும் என்கிறேன். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கென 1931இல் வகுத்த ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது ஒன்று. ஐந்து வயதுப் பிள்ளையும் வாசகர்தான். சென்னை மாகாணத்தில் 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் இந்தப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் சனிக்கிழமை மாலை 4 முதல் 5 வரை கதை நேரம். இருபது பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பவர், அதற்கு மேல் சேர்ந்தால் இரண்டு வட்டம். பாய் இரண்டு. கதைப் புத்தகம் ஒரு கையில் விரித்துப் பிடிக்கும் அளவில், எழுத்துப் பெரியதாக. வாசிப்பவர் முந்தின நாளே இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். மூன்று கதை, இடையில் ஒரு பாட்டு, கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகள் தாங்களாகப் புத்தகம் புரட்ட. பரிசு கிடையாது, போட்டி கிடையாது, நீதி கேட்பது கிடையாது. கதை பாதியில் எழுந்து போகிற பிள்ளையைப் போக விடுங்கள். திரும்பி வரும்.

வாசிக்க விருப்பமுள்ள அக்காமார், அண்ணன்மார், ஓய்வு பெற்ற பெரியவர்கள் வாசலில் உள்ள குறிப்பேட்டில் பெயரும், வர முடிந்த சனிக்கிழமைகளும் எழுதிவிட்டுப் போங்கள். வரும் சனிக்கிழமைக்கான முதல் கதை பொன்னியின் பூனை. நன்றி, வணக்கம்.