ஆயாவின் டிரங்குப் பெட்டி

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, இந்தப் பனியிலும் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காரிமங்கலத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

தை மூன்றாம் நாள் இரவு. வீட்டில் கரும்புச் சக்கையைக்கூட இன்னும் கூட்டித் தள்ளவில்லை. அதற்குள் தலைப்பைப் பாருங்கள்: 'நம் இறுதிக் காரியத்தை ஊரும் உறவும் பார்த்துக்கொள்வதே முறையா, நாமே ஏற்பாடு செய்து வைப்பதே முறையா?' ஒலிபெருக்கியில் இதைச் சொன்னதுமே முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். இப்போது பார்த்தால் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். வாங்க பாட்டி, உங்களுக்கும் சேர்த்துத்தான் பேச வந்திருக்கிறேன்.

நாமே ஏற்பாடு செய்வதுதான் முறை என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று சொன்னார். உயிரோடு இருக்கும்போது சாவைப் பேசுவது அபசகுனம். ஊர்முறை என்று ஒன்று இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும். எழுதி வைப்பது பெற்ற பிள்ளையை நம்பாத வெளிநாட்டுப் பழக்கம். நல்ல கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன்.

அபசகுனத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். நம் பக்கத்தில் கருமாதி இரவு என்ன கூத்து வைக்கிறோம்? கர்ண மோட்சம். விடிய விடிய ஒரு மனிதன் சாவதைப் பார்க்கிறோம். அம்பு தைத்துக் கிடக்கிறவன், செய்த புண்ணியத்தைக்கூடத் தாரை வார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறான். எதிரணித் தலைவரும் பாய் போட்டுப் பார்த்தவர்தான், மூக்கைச் சிந்தியவர்தான். அடுத்தவன் சாவை விடிய விடியப் பார்க்கலாம், தன் சாவைத் திண்ணையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசக் கூடாது. இது என்ன சகுனம் ஐயா?

சரி, வெளிநாட்டுப் பழக்கம் என்றாரே, அதற்கு வருகிறேன். எங்கள் ஆயாவுக்குப் பாலக்கோடுதான் உலகம். அதைத் தாண்டிப் போனால் ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல், அவ்வளவுதான். அவர் கட்டிலுக்குக் கீழே ஒரு டிரங்குப் பெட்டி. அடியில் மஞ்சள் பைக்குள் மடிப்புக் கலையாத ஒரு புதுச்சேலை. "பொறந்த ஊட்டுக் கோடி வர நேரமாகும். என் தம்பி மவனுங்க திருப்பத்தூர்ல இருந்து பஸ்ஸு புடிச்சு வரணும். அதுவரைக்கும் கிழிசலக் கட்டிக்கிட்டா நடுவாசல்ல கெடப்பேன்?" என்பார். சேலைக்குப் பக்கத்தில் நான்கு துணி முடிச்சு. ஒன்று மேளக்காரருக்கு, ஒன்று குழி வெட்டுகிறவருக்கு, ஒன்று சலவைக்காரருக்கு, ஒன்று நாவிதருக்கு. எதற்கு ஆயா இதெல்லாம், நாங்கள் கொடுக்க மாட்டோமா என்று சித்தப்பா கேட்டார். "குடுப்பீங்கடா. பேரம் பேசிக் குடுப்பீங்க" என்றார்.

இடமும் சொல்லி வைத்திருந்தார். கிணற்றுக்கு வடக்கே புங்கமரத்தடி, தாத்தாவுக்கு இடப்பக்கம். காய்ப்பு நின்றுபோன கிழட்டு மாமரத்தை விறகு வியாபாரி மூன்று முறை கேட்டும் கொடுக்கவில்லை, பதினாறாம் நாள் சோறாக்க ஆகும் என்று. ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் போனார். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அழுவதைத் தவிர எங்களுக்கு வேறு வேலையே வைக்கவில்லை அந்தக் கிழவி. அத்தைமார்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். வாக்கப்பட்டு வந்த அன்று மழை பெய்தது முதல், பஞ்சத்தில் களிக்கு ராகி கடன் வாங்கியது வரை, ஆயாவின் வாழ்க்கை முழுக்க வந்துவிட்டது. நிதானமாக அழுதால்தான் ஐயா அப்படிப் பாட்டு வரும்.

இப்போது பெரியப்பா கதை. படித்தவர், அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் பேசாதவர். ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் போய்விட்டார். பெரிய மகன், சொந்த நிலத்தில் அடக்கம் செய்ய வேண்டும், வழிவழியாக அப்படித்தான் என்றான். சின்ன மகன், "அப்பா என்னிடம் எரிக்கச் சொன்னார்" என்றான். எங்கே சொன்னார்? டீக்கடையில். யார் சாட்சி? டீ மாஸ்டர். ஃப்ரீசர் பெட்டி வாடகை ஏறுகிறது, பந்தல்காரர் வாசலிலேயே நிற்கிறார், தப்படிக்க வந்தவர்கள் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நெருப்பில் தோலைக் காய்ச்சிக்கொண்டே இருக்கிறார்கள். செலவுக்குப் பணம் எடுக்க பெரியப்பாவின் போனைத் திறக்க வேண்டும். எண் யாருக்கும் தெரியாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நடுவர் அவர்களே. பெட்டியின் மூடியைத் தூக்கி, அவர் கட்டை விரலைப் பிடித்து போனில் வைத்துப் பார்த்தார்கள். திறக்கவில்லை. அந்த விரலைப் பிடித்துத்தான் அந்தப் பிள்ளைகள் நடை பழகினார்கள்.

ஏழு மணி நேரம் ஆனது முடிவுக்கு வர. ஐந்தாம் நாள் பெரியம்மா அவருடைய பர்ஸைத் திறந்தார். உள்ளே கண்தான அட்டை. உயிர் போன பின் ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தால்தான் பயன். மின்விசிறியை நிறுத்தி, இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்துவிட்டு ஒரு போன் செய்திருந்தால் போதும். அவருக்கு மனம் இருந்தது, அட்டை இருந்தது. வீட்டில் சொல்லத்தான் ஆளில்லை.

எதிரணியினர் கேட்பார்கள், நம் பழம்பெருமையில் இதற்கு இடம் உண்டா என்று. நாம் நிற்பது தகடூர் மண், இன்றைய தருமபுரிதான் அந்தத் தகடூர். இங்கே ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி போரில் இறந்தபின் அவனுக்கு நடுகல் நட்டு, மயில்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் வார்க்கிறார்கள். பக்கத்தில் நிற்கிற ஔவை என்ன கேட்கிறாள்? 'சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ.' மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சின்னக் கலத்துக் கள்ளை ஏற்றுக்கொள்வானோ? புறநானூற்றில் 232-ஆவது பாட்டு. எத்தனையோ முறை படித்திருக்கிறேன், பாடமும் நடத்தியிருக்கிறேன். பெரியப்பா சாவுக்குப் பிறகுதான் அந்த 'கொல்லோ' எனக்கு உறைத்தது. அவ்வளவு நெருங்கிப் பழகியவளுக்கே ஐயம் வந்துவிட்டது. செய்கிறோம், அவனுக்கு இது பிடிக்குமா என்று தெரியவில்லை. செத்தவரைக் கேட்க முடியாது.

அதே புறநானூற்றில் இன்னொருத்தி. 256-ஆவது பாட்டு. பாலை வழியில் கணவனைப் பறிகொடுத்து நிற்கிறாள். குயவனைப் பார்த்துச் சொல்கிறாள்: முதுமக்கள் தாழி வனையும் குயவரே, வண்டிச் சக்கரத்து ஆரத்தில் ஒட்டிய பல்லி போல அவனோடு ஒட்டி இத்தனை வழி வந்தேன், எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனையும். அளவு சொல்லித் தாழிக்கு ஆர்டர் கொடுக்கிறாள் ஐயா! அவள் கேட்டது சரியா என்று நான் வாதாட வரவில்லை, எனக்கு அதில் உடன்பாடும் இல்லை. ஆனால் தன் சாவைப் பற்றித் தன் வாயால் பேசுவது எங்கிருந்தோ கப்பலில் வந்தது என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லசந்திரம் போயிருக்கிறீர்களா? குன்றின் மேல் கற்திட்டைகள் நிற்கின்றன, பழங்காலத்தவர் இறந்தவர்களுக்காக எழுப்பிய கல் அறைகள். பலகைக் கல்லை நிறுத்தி, மேலே மூடுகல் போட்டு, ஒரு பக்கம் வட்டமாக இடுதுளை விட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லில் ஒன்றை நகர்த்த நம் மேடையில் இருக்கும் இரண்டு அணியும் சேர்ந்து தள்ளினாலும் ஆகாது. நடுவரையும் சேர்த்துக்கொள்ளலாம். திட்டம் இல்லாமல், வேலையைப் பங்கு போடாமல் அது நின்றிருக்குமா?

ஊர் பார்த்துக்கொள்ளும் என்றார். எந்த ஊர்? சாவுச் சேதி சொல்ல நடந்தவர் யார், பறை அடித்தவர் யார், குழி வெட்டியவர் யார்? அவர்கள் வீட்டில் சாவு விழுந்த அன்று இந்த ஊர் போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்ததா? ஒரே ஊருக்கு இரண்டு சுடுகாடு, இரண்டு பாதை. அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களின் பிள்ளைகள் இன்று ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போகிறார்கள், நாங்கள் வரமாட்டோம் என்கிறார்கள். அதுதான் நியாயம். ஆயாவின் நான்கு முடிச்சை நான் மெச்சுகிறேன், கூலியைக் கூலியாக மதித்ததற்காக. ஆனால் அந்த முடிச்சுகள் யார் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிறப்பை வைத்து எழுதியிருந்ததே, அதை மெச்ச மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. நான் ஒரே மகள். ஊர்முறைப்படி தெருமுனையில் என்னை நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் பெண் வரக்கூடாது. அப்பாவின் மேல் முதல் பிடி மண் போட ஒன்றுவிட்ட பங்காளி மகனைத் தேடிப் பிடிப்பார்கள், அவன் அப்பாவோடு பேசிப் பத்து வருடம் ஆகியிருக்கும். அன்றைக்கு நான் வாதாட முடியுமா? அழுது தொண்டை கட்டியிருக்கும். ஆனால் அப்பா கைப்பட ஒரு வரி இருந்தால், அதை எடுத்துப் பெரியவர்கள் முன் நீட்டலாம். சட்டம் மாதிரி கட்டுப்படுத்தாது. செத்தவர் சொல்லைத் தட்டுவதற்கு மட்டும் நம் ஊரில் எல்லோருக்கும் பயம். அந்தப் பயத்தை நல்லதுக்குப் பயன்படுத்துவோமே.

நேரம் குறைவு, காரியத்துக்கு வருகிறேன். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. பதிவு கட்டாயமில்லை, செய்தால் பின்னால் வம்பு குறையும். ஆனால் சடங்கு விருப்பத்தை உயிலுக்குள் எழுதாதீர்கள். உயிலைப் பிரிப்பதே கருமாதி முடிந்த பிறகுதான்! அதைத் தனித்தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள், அதைத்தான் நம் வீட்டில் எல்லோரும் முதலில் எடுப்பார்கள். உடல்தானம் என்றால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் எடுத்துக் கொடுக்கப்போவது வீட்டார் கைதான், அவர்களிடம் சொல்லாமல் எழுதியது பெரியப்பா பர்ஸ் கதையாகத்தான் முடியும். மீள வழியில்லாத நிலையில் வெறும் இயந்திரத்தில் வைத்து இழுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றுக்கொண்டது, 2023-இல் அதன் நடைமுறையையும் எளிதாக்கியது. அப்புறம், தயவுசெய்து, போன் எண்ணை ஒருவருக்காவது சொல்லிவையுங்கள்.

பிள்ளையை நம்பாத வேலை என்றாரே, அதற்கு மட்டும் பதில் பாக்கி. பெரியப்பா மகன்கள் இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேருமே அப்பாவுக்குச் செய்யத்தான் சண்டை போட்டார்கள். இன்றுவரை பேச்சு இல்லை. பொங்கலுக்கு இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய்விட்டுத்தான் இந்த மேடைக்கு வந்தேன். நம்பிக்கை இருந்தது அந்த வீட்டில், ஒரு தாள்தான் இல்லை.

நடுவர் அவர்களே, மணியைப் பார்க்கிறீர்கள், தெரிகிறது. கிளம்பும்போது அப்பாவிடம் தலைப்பைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மோட்டார் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டும் பேனாவும் கேட்டார், திண்ணையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். முதல் வரியை மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: "தென்னைக்குப் பக்கத்துல வேண்டாம், வேர் அறுபடும்." இரண்டாவது வரியில் என் பெயர் இருக்கிறதா என்று வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். நன்றி, வணக்கம்.