நீலம் வந்துடுச்சு மக்களே! செம்புத் தகட்டுல தனுஷ்கோடி

வணக்கம் மக்களே! மொதல்ல இதைப் பாருங்க, கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன்... இந்த நீலம்! பெயின்ட் ஒரு சொட்டு கிடையாது. எல்லாமே செம்பு எடுத்த நிறம்.

போன வீடியோல இந்தத் தகட்டைப் பாத்துட்டு "அக்கா, இதுல கடல் எங்க?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. தனுஷ்கோடியோட நுனி இருக்கே, அரிச்சல்முனை, அங்க கிழக்க பாத்து நில்லுங்க. இடது பக்கம் வங்கக்கடல் அமைதியா கிடக்கும், பெண்கடல்னு சொல்லுவாங்க. வலது பக்கம் மன்னார் வளைகுடா, ஆண்கடல், சும்மாவே இருக்காது. நடுவுல ஒரு மணல் திட்டு, அவ்வளவுதான். 1964 புயல்ல ஊரே போன இடம். அதான் தகட்டுல இடது பாதியில சுத்தியலே படல, வலது பாதி முழுக்க அடி. அலையை அலை மாதிரியே லேசர்ல வெட்டி, கார் பெயின்ட் அடிச்சு விக்கிறாங்களே, அது எனக்கு ஆகவே ஆகாது.

சரி, விலைக்கு வர்றேன். செம்பு கிலோ கணக்குதான். 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 1 மில்லிமீட்டர் கனம், கிட்டத்தட்ட 5.4 கிலோ வரும். கடைக்காரர் வெட்டி எறிஞ்ச ஓரத்தையும் சேர்த்து எடை போட்டு பில் போடுறார்! "அப்போ அந்த ஓரத்தையும் குடுங்கண்ணே, காசு குடுத்திருக்கேன்ல"ன்னு நகராம நின்னேன். கழிவுக் கூடையில இருந்து நானே பொறுக்கி எடுத்தேன். இதோ, நடுவுல ஓடுதே மணல் திட்டு, அது அந்த ஓரம்தான்! ஒரு துண்டு கூட விடல.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். அடிக்க அடிக்க செம்பு இறுகும், அப்படியே அடிச்சா விரிசல் விடும். அப்பப்போ மங்கலா சிவக்கிற வரைக்கும் காய்ச்சித் தண்ணியில முக்கணும், இளகிக் குடுக்கும். சென்னைக்குப் பக்கத்துல சோழமண்டலம்னு ஒரு கலைஞர்கள் கிராமம் இருக்கு, அங்க இருந்த சிற்பி பி.வி.ஜானகிராம் தகடை அடிச்சே செஞ்ச சிற்பங்களைப் பாத்ததுல இருந்துதான் எனக்கு இந்தப் பைத்தியமே.

நீலத்துக்கு உப்புத்தண்ணி தெளிச்சு, மூடின பெட்டிக்குள்ள ஒரு கிண்ணத்துல அம்மோனியா வைக்கணும். ஆவி மட்டும்தான் படணும். அம்மோனியா ஆவியைத் தடுக்கிற மாஸ்க் போட்டு, மொட்டை மாடியில பண்ணுங்க, வீட்டுக்குள்ள வேணவே வேணாம். உப்பு எங்கெல்லாம் விழுந்துச்சோ அங்க நீலம் அள்ளிப் பிடிச்சிருக்கு, பாருங்களேன்!

மாட்டுறதுக்குப் பித்தளை ஸ்க்ரூதான். உப்புக் காத்துல செம்பை ஒட்டி இரும்பு இருந்தா, இரும்பு சீக்கிரமே துருப்பிடிச்சு அரிச்சுப் போயிடும். மெழுகு பூசலாமான்னு கேட்டிருந்தீங்க. பூசலாம், ஆனா நீலம் கொஞ்சம் கருக்கும். மொதல்ல கீழ் மூலையில மட்டும் தடவிப் பாத்துட்டு, அடுத்த வீடியோல காட்டுறேன்.