நடைபாதையைப் பிளந்து வளரும் மரம்: ஒரு நேயரின் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "நடைபாதைப் பிளவில் ஒரு அத்திக் கன்று முளைத்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய மரம் தரைக் கற்களைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பார்த்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. வேருக்கு அவ்வளவு பலமா? அந்தக் கன்றை விடலாமா, பிடுங்கிவிடலாமா?"

இந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து அது என் மனதைவிட்டுப் போகவே இல்லை. சந்தோஷமும் பாவமும் சேர்ந்து வருகிறது என்கிறார் பாருங்கள். ரொம்பச் சரியாகப் பார்த்திருக்கிறார்.

முதலில் பலம். வளரும் வேர் நுனி வளிமண்டல அழுத்தத்தைப் போல 5 முதல் 10 மடங்கு வரை தள்ளும். ஆனால் அந்த நுனி கான்கிரீட்டைத் துளைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கிற விரிசலில், இணைப்பில் நுழைகிறது. உள்ளே போன பிறகு ஆண்டுக்கு ஆண்டு பருக்கிறது. அந்தப் பருமன்தான் கல்லைத் தூக்குகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் பலகை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ இருக்கும். நமக்கு அது மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்த எடை ஒரு சதுர மீட்டர் முழுக்கப் பரவிக் கிடப்பதால், கீழே விழுகிற அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்குதான். பல ஆண்டுகள் மெதுவாகப் பருக்கிற வேருக்கு அது பெரிய விஷயமே இல்லை.

அப்படியானால் வேர் ஏன் அவ்வளவு மேலே வருகிறது? மண்ணைப் பற்றிய பேச்சுகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். வேருக்கு மூச்சு வேண்டும். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதி வெற்றிடம்தான். அதைக் காற்றும் தண்ணீரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்துக்கு வேரும் போகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், முக்கால் மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. ஏனென்றால் காற்று அங்கேதான் இருக்கிறது. பக்கவாட்டில் கிளை பரப்பையும் தாண்டிப் போகும்.

இப்போது நடைபாதை போடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? பாரம் தாங்க வேண்டும் என்று மண்ணை இடித்து இறுக்குகிறார்கள். அந்த வெற்றிடமெல்லாம் நசுங்கிப் போகிறது. ஆனால் பலகைக்கு நேர் அடியில் ஒரு மெல்லிய இடைவெளி மிஞ்சும். பகலில் சூடாகி இரவில் குளிரும்போது அங்கே ஈரம் கட்டும், கொஞ்சம் காற்றும் இருக்கும். வேர் அங்கே போகிறது. வேறு எங்கே போகும்? நடைபாதையைக் கெடுக்கும் மரம் என்று அதைத் திட்டுகிறோம். மூச்சுவிட நாம் விட்டுவைத்தது அந்த ஒரு சந்து மட்டும்தான்.

இப்படி முளைக்கிறவற்றின் மேல் மக்களுக்கு இருக்கிற பிரியத்துக்கு ஒரு கதை சொல்கிறேன். 2005-இல் ஜப்பானில் அயோய் என்ற ஊரில் தார் பாதையோரத்தைப் பிளந்துகொண்டு ஒரு முள்ளங்கி வளர்ந்தது. மரம்கூட இல்லை, முள்ளங்கி! நெஞ்சுறுதி உள்ள முள்ளங்கி என்று ஊரே கொண்டாடியது. பிறகு யாரோ அதன் தலையை வெட்டிவிட்டார்கள். நாடே வருத்தப்பட்டது. வெட்டிய துண்டு கிடைத்ததும் அதைத் தண்ணீரில் வைத்துப் பிழைக்கவைக்கப் பார்த்தார்கள். மெல்போர்ன் மாநகராட்சி 2013 வாக்கில் தன் மரங்களுக்கு மின்னஞ்சல் முகவரி கொடுத்தது. கிளை முறிந்தால், நோய் கண்டால் சொல்லட்டும் என்றுதான். மக்களோ மரங்களுக்கே அன்புக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள், வெளிநாட்டிலிருந்துகூட. எனக்கு இது கொஞ்சமும் வேடிக்கையாகத் தெரியவில்லை. தினமும் கடந்து போகிற ஒரு உயிருடன் பேச ஒரு வழி கிடைத்தது, பேசினார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்துச் சாலைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில், சுமார் 36,000 தெரு மரங்களில் 17,500 வரை வெட்டிவிட்டு வேறு மரம் வைக்க இடமிருந்தது. வேர் நடைபாதையைத் தூக்குகிறது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 2016 நவம்பரில் ஒரு தெருவில் விடிவதற்கு முன்பே வெட்ட வந்தார்கள். தடுத்தவர்களில் எழுபது வயதைக் கடந்த இரண்டு பெண்கள் கைதானார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

அதற்காகத் தூக்கிய கல்லில் தடுக்கி விழுகிறவர்களின் கஷ்டம் பொய் என்று சொல்ல மாட்டேன். சக்கர நாற்காலியில் போகிறவருக்கு அந்த இடம் சுவர் மாதிரி. அதனால்தான் "மரமா, நடைபாதையா?" என்ற கேள்வி எனக்குப் பிடிப்பதில்லை. "மரத்துக்கு எவ்வளவு மண் விட்டோம்?" என்று கேளுங்கள். 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் மரங்களின் அடியைச் சுற்றி ஒரு மீட்டர் வரை கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. குறைந்தபட்சம் அதுவாவது வேண்டும். அதைவிட நல்ல வழியும் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1990-களில் ஒரு கலவை உருவாக்கினார்கள்: உடைத்த கல்லும் மண்ணும். கல்லோடு கல் முட்டிப் பாரத்தைத் தாங்கும். நடுவில் இருக்கிற இடைவெளியில் மண், காற்று, வேர் எல்லாம் இருக்கும். ஸ்டாக்ஹோமிலும் பெரிய கற்களை வைத்து இதேபோலச் செய்கிறார்கள். மேலே ஆள் நடக்கலாம், கீழே வேர் மூச்சுவிடலாம். வேருக்கு மூச்சு வேண்டும், மறுபடியும் சொல்லிவிட்டேன்.

செய்யக் கூடாத ஒன்று உண்டு. தரையைச் சமமாக்க அடிமரத்தை ஒட்டிய பெரிய வேர்களை வெட்டுவது. மேலே பச்சையாகத்தான் தெரியும், அடுத்த பெருங்காற்றில் மரம் சாயும். அப்புறம் மரம் ஆபத்து என்பார்கள்.

இப்போது அந்தக் கன்று. அத்தி இனம் என்றால் பறவை எச்சத்தில் விதை வந்திருக்கும். விரிசலில் சேர்ந்த தூசியும் இலைமக்கும் அதற்குப் போதும். ஆனால் அது பெரிதாகும் ஜாதி, அந்தப் பிளவு அதற்கு வாழ்நாள் இடம் இல்லை. விரல் பருமன் ஆவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிடுங்க வேண்டாம். மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும் நாளில், மாலை வேளையில், பிளவை லேசாக அகட்டி வேரோடு எடுங்கள். ஈரத் துணியில் சுற்றி, தொட்டியில் நிழலில் வைத்துத் தேற்றுங்கள். நாலு இலை புதிதாக விட்டதும் சுவரும் குழாயும் இல்லாத திறந்த இடமாகப் பார்த்து நடுங்கள். அந்தப் பெரிய மரத்தின் அடியில் இருக்கிற சிமெண்டை உடைத்துத் தரச் சொல்லி நகராட்சிக்கு ஒரு மனுவும் எழுதிப் போடுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.