சர்க்கரை நோயும் கெட்டுப்போகும் தூக்கமும்

நேயர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை நோய்க்காக வருகிறவர்கள் வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு என்று கடகடவென்று சொல்வார்கள். ராத்திரி எப்படித் தூங்கினீர்கள் என்று நாங்களாகக் கேட்டால்தான், "அதை ஏன் கேட்கிறீர்கள் டாக்டர்" என்று ஆரம்பிப்பார்கள். வயசானால் அப்படித்தான் என்று அவர்களே முடிவு கட்டியிருப்பார்கள். காரணத்தைத் தேடாமல் தூக்க மாத்திரையில் இறங்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

சிறுநீர் கழிக்க நாலைந்து முறை எழுகிறீர்களா? ரத்தச் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகம் அதைச் சிறுநீரில் தள்ளும். கூடவே தண்ணீரும் போகும். அப்புறம் தாகம், குடித்தால் மறுபடி எழ வேண்டும். இதற்குத் தண்ணீரைக் குறைத்துப் பயனில்லை, சர்க்கரையைத்தான் குறைக்க வேண்டும்.

குறட்டை விஷயத்தில் நோயாளியைக் கேட்பதைவிடப் பக்கத்தில் படுப்பவரைக் கேட்பதே மேல். சத்தமான குறட்டை சட்டென்று நிற்கும். சில நொடிகள் மூச்சே இருக்காது. பிறகு திணறலோடு திரும்பும். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. காலையில் தலை பாரமாக இருக்கும், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை மூச்சு நிற்கும்போதும் உடம்பு பதறி, சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்களைச் சுரக்கிறது. சில தூக்க மாத்திரைகள் இந்த மூச்சுத்தடையை இன்னும் மோசமாக்கும். தூக்கப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவியை மாட்டிக்கொண்டு தூங்க முதலில் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் பலருக்கு நல்ல பலன் தரும்.

கால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதம் எரிகிறது, போர்வை பட்டாலே கூசுகிறது என்றால் நரம்பு பாதிப்பாக இருக்கலாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்ப்பது நல்லது. காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது, எழுந்து நடந்தால் சரியாகிறது என்றால் அது வேறு கதை, இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் இதைக் கவனமாகக் கேளுங்கள். நடு இரவில் சட்டை நனைய வியர்த்து, படபடப்போடோ கெட்ட கனவோடோ விழித்தால், சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்திருக்கலாம், உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் சுமார் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மறுநாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்ற வேண்டியிருக்கும்.