ஆழம் பார்த்த சட்ட ஆசிரியர்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களே, கணக்கு ஆசிரியர்களே (உங்களைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது), அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரின் டாமி கோவைப் பற்றி மூன்று செய்திகள்: வகுப்பறை, கடல், ரியோ புவி உச்சிமாநாடு.

வகுப்பறையைச் சுருக்கிவிடுகிறேன். சட்ட விரிவுரையாளராக இருந்தவர், 1968-ல் முப்பதே வயதில் ஐ.நா.வுக்கான சிங்கப்பூர்த் தூதரானார். 1971-ல் திரும்பிவந்து சட்டப்புலத் தலைவர். 1974-ல் மறுபடி ஐ.நா. தூதராக நியூயார்க்.

இனி கடல். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள். நாலைந்து கிலோமீட்டர் ஆழத்தில் உருளைக்கிழங்கு போல உருண்டைகள் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் எல்லாம் அதில் உண்டு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலடியில் அள்ளுகிற கம்பெனி உலகத்துக்கு என்ன கட்டவேண்டும்? ஐ.நா. கடல்சட்ட மாநாட்டில் 1978 முதல் இதைப் பேசிய குழுவுக்குக் கோ தலைவர். வளரும் நாடுகள் பெரிய முன்பணம் கேட்டன. தொழில்வள நாடுகளோ, லாபம் வரட்டும், பார்க்கலாம் என்றது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் இந்தச் சுரங்கத் தொழிலுக்கு ஒரு கணினிக் கணக்கு போட்டு வைத்திருந்தார்கள். அமெரிக்கக் கணக்காயிற்றே என்று சந்தேகம். குவேக்கர், மெத்தடிஸ்டு என்ற கிறிஸ்தவச் சபையார் மாநாட்டுக்கு வெளியே கூட்டம் போட, பிரதிநிதிகள் அங்கே போய்க் கணக்குப் போட்டவர்களையே குடைந்தார்கள். முன்பணம் என்பது கடன் வாங்கிக் கட்டும் காசு. ஒரு டன் அள்ளுமுன்பே வட்டி ஏறும். அதையே பிற்பாடு லாபத்தில் எடுத்தால் கம்பெனிக்கு நோவு குறைவு, உலகத்துக்கு வரவு கூடுதல். ஆழம் தெரிந்தது, வீம்பு தணிந்தது. மாநாடு கண்ட கடல்சட்ட உடன்படிக்கையில் விண்ணப்பக் கட்டணம் 5 லட்சம் டாலர், ஆண்டுக் கட்டணம் 10 லட்சம். உற்பத்தி மதிப்பில் முதல் 10 ஆண்டு 5 சதவீதம், பிறகு 12. அது வேண்டாமென்றால் 2, பிறகு 4, கூடவே லாபப் பங்கு. அதை மாற்றிய 1994 ஒப்பந்தம் இதில் பெரும்பகுதியை விலக்கிவிட்டது, அது வேறு கதை.

மாநாட்டுத் தலைவராக இருந்த இலங்கையின் ஷெர்லி அமரசிங்க 1980-ல் மறைய, மறு ஆண்டு கோ அந்த இடத்துக்கு வந்தார். உடன்படிக்கை மீதான 1982 ஏப்ரல் 30 வாக்கெடுப்பில் ஆதரவு 130, எதிர்ப்பு 4, நடுநிலை 17.

ரியோ? தலைவர் மணியைப் பார்க்கிறார், விட்டுவிடுகிறேன்.

கலைப்பிரிவு, சட்டம் படிக்கும் பிள்ளைகளைக் கூட்டுவட்டிகூடத் தெரியாமல் அனுப்புகிறோம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லிக்கொண்டே தள்ளிவிடுகிறோம்! அவர்களுக்கும் வாரம் மூன்று பாடவேளை கணக்கு வேண்டும் என்ற மனு வாசல் மேசையில் இருக்கிறது. கணக்கு ஆசிரியர்கள் முதலில் கையெழுத்திடுங்கள். பேனா கட்டியே வைத்திருக்கிறோம்.